இலவச மென்பொருள் மேல் ஏன் பழி?

"ஃப்ரீ சாப்ட்வேர்தானே சார், அப்படித்தான் இருக்கும்!" தாம்பரம், பெருங்குடி, சிறுசேரி பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியின் சர்வரில் தொலைதூரக் கல்வி மென்பொருளை நிறுவி அது படுத்துவிட்டால், முதலில் காதில் விழும் வசனம் இதுதான். பழி முழுக்க மென்பொருள் மேல். நிறுவச் சொன்ன மேலாளர் மேல் இல்லை, பாதி அனுமதி மட்டும் கொடுத்த சர்வர் ரூம்காரர் மேலும் இல்லை. இது அநியாயம்.

மூடுலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியமாஸ் தொடங்கியது. முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வந்தது. ஜி.பி.எல். உரிமம், எனவே காசு வேண்டாம். தொலைதூரக் கல்விக்கென்றே இருக்கும் பிரிட்டனின் ஓபன் யுனிவர்சிட்டி 2005-லேயே இதைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அங்கே ஓடுகிற சாமான் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்ததும் ஏன் நொண்டுகிறது?

முதல் காரணம், முகவரி. மூடுலின் கான்ஃபிக் கோப்பில் தளத்துக்கு ஒரே ஒரு முகவரிதான் கொடுக்க முடியும். அவசரத்தில் அலுவலகத்தின் உள் ஐ.பி. எண்ணைக் கொடுத்து நிறுவிவிடுகிறார்கள். அலுவலகத்துக்குள் ஜோராக ஓடும். வெளியிலிருந்து வந்தால் அந்த உள் எண்ணுக்கே திருப்பி அனுப்பும், பக்கம் திறக்காது. சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் வளாகம் போன்ற இடங்களில் வேலை செய்பவர் ஷிஃப்ட் முடிந்து ரயில் பிடித்து கூடுவாஞ்சேரி வீட்டுக்குப் போய், இரவு 9 மணிக்குக் கைப்பேசியில் பாடத்தைத் திறந்தால் வெள்ளைத் திரைதான். அலுவலக நாற்காலியில் மட்டும் திறக்கும் பாடத்துக்குத் தொலைதூரக் கல்வி என்று பெயர் எதற்கு?

இரண்டாவது, கிரான். சர்வரில் பின்னணியில் நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டிய சின்ன வேலை. அறிவிப்பு மெயில் போவதும், ஒருவர் பாடத்தை முடித்தார் என்று கணக்கில் ஏறுவதும் இதனால்தான். "எங்கள் சர்வரில் இதெல்லாம் போடக்கூடாது" என்று ஒரு வரியில் மறுத்துவிடுகிறார்கள். விளைவு? கடைசி வினா வரை எழுதி முடித்தவர் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்றே நிற்கும். ஹெச்.ஆர். அந்தப் பட்டியலைத்தான் பார்ப்பார். பதவி உயர்வுப் பேச்சில் அடிபடுவது படித்தவர்தான், மறுத்தவர் இல்லை.

மூன்றாவது, காப்புநகல். மூடுலில் தகவல்தளம் ஓரிடம், பதிவேற்றிய கோப்புகள் வேறிடம். தகவல்தளத்தை மட்டும் நகலெடுத்து வைத்தால், சர்வர் செத்த மறுநாள் பாடத்தலைப்புகள் அத்தனையும் திரும்பி வரும், உள்ளே பி.டி.எஃப். ஒன்றுகூட இருக்காது. கோப்புகள் இருக்கும் அந்த இடமும் வெளியார் உலாவியில் எட்டிப் பார்க்க முடியாத இடமாக இருக்க வேண்டும். இதெல்லாம் நிறுவும் கையேட்டிலேயே இருக்கிறது. படிக்கத்தான் நேரம் கொடுப்பதில்லை.

நான்காவது, கிழட்டு சர்வர். சென்ட் ஓ.எஸ். 7-க்கு ஆதரவு 2024 ஜூன் 30-ல் முடிந்துவிட்டது. அதோடு வந்த பி.எச்.பி. பதிப்பு 5.4. அதே ஆண்டு அக்டோபரில் வந்த மூடுல் 4.5 கேட்பதோ குறைந்தது 8.1. "சர்வரைத் தொடாதே, மூடுலை மட்டும் புதுசாப் போடு" என்றால் எப்படி? மாட்டு வண்டிக்கு மெட்ரோ ரயில் எஞ்சின் மாட்டுகிற கதைதான்!

"பாதுகாப்பு முக்கியமில்லையா, கண்டவருக்கும் ஃபயர்வாலைத் திறந்துவிட முடியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சம்பளப் பட்டியல் இருக்கும் சர்வரில் பாடத்தை வைக்காதீர்கள். தனி சர்வர், தனி டொமைன், எச்.டி.டி.பி.எஸ். அதுவும் முடியாதென்றால் வெளியில் வாடகைக்கு இடம் எடுங்கள். மேலும், ஆதரவு முடிந்த ஓ.எஸ்.ஸை ஓட்டிக்கொண்டே பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எடுப்பது கொஞ்சம் ஓவர்.

'ஃப்ரீ' என்பது உரிமத்துக்குத்தான். உழைப்புக்கு இல்லை. லைசென்ஸில் மிச்சமான பணத்தில் பாதியையாவது அதைப் பராமரிக்கும் ஆளுக்குச் செலவழிக்காமல், கேம்பஸில் எடுத்த புதுப் பையனிடமோ பெண்ணிடமோ "வெள்ளிக்கிழமைக்குள் முடி" என்று தள்ளிவிட்டால் அது பாழாகத்தான் போகும்.

இதைப் படிக்கும் மாணவர்களே, நாளைக்கு அந்த நாற்காலி உங்களுக்குத்தான். வேலையைக் கையில் வாங்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். வீட்டிலிருந்து திறக்குமா? கிரான் ஓட அனுமதி உண்டா? கோப்புகளுக்கும் காப்புநகல் எடுப்பது யார்? ஓ.எஸ்.ஸுக்கு இன்னும் ஆதரவு இருக்கிறதா? பதிலை மெயிலில் எழுதி வாங்குங்கள். பதில் வராவிட்டால், மென்பொருள் பழுதாகும் முன்பே பழுது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.