ஒட்டினால் போதுமா?

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் போய், "சூளை எரிஞ்சு முடிஞ்சிடுச்சே, இப்பவே கதவைத் திறங்க" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். அவசரமாக ஆறினால் ஜாடி விரியும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கம்மாபுரம் பக்கம் நான் பார்த்த ஒரு இரும்புப் பட்டறையிலோ, பற்றவைத்த சூடு அடங்குவதற்குள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கேட்டால், "அதான் ஒட்டிக்கிச்சுல்ல, அப்புறம் என்ன?"

ஒட்டியது உண்மைதான். ஆனால் தடித்த தகடு சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். மூட்டை ஒட்டிய இரும்பு சட்டென ஆறி, கடினமாகி, நொறுங்கும் தன்மைக்குப் போகும். ஈரம் குடித்த ராடிலிருந்து வந்த ஹைட்ரஜன் அதில் தங்கும். விரிசல் உடனே வராது. 48 மணி நேரம் கழித்தும் வரலாம். அதற்குள் பெயின்ட் அடித்து லாரியில் ஏற்றியாகிவிடும்.

கதையில்லை இது. மெல்போர்னில் 1961இல் திறந்த கிங் ஸ்ட்ரீட் பாலம், 1962 ஜூலை 10 அன்று, ஒரு குளிர்காலக் காலையில், 45 டன் வண்டியின் கீழ் உடைந்தது. முறிவு தொடங்கிய இடம், வெல்டிங்கை ஒட்டிய விரிசல்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்கு ப்ரீஹீட் எதுக்கு?" என்பார்கள். மெல்லிய சாதா இரும்புக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். கனத்த தகடுக்கு விதி கேட்பது 65 டிகிரி, 110 டிகிரி. வெயில் அவ்வளவு தராது. ஐப்பசி மழையில் ராடு ஈரம் இழுக்கும். 7018 ராடை 260 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைத்து உலர்த்த வேண்டும்.

சரி, சூடு நல்லதென்று நின்று நின்று இழுக்கலாமா? அதுவும் கூடாது. 25 வோல்ட், 160 ஆம்பியர், நிமிடத்துக்கு 200 மில்லிமீட்டர் வேகம் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 1.2 கிலோஜூல். வேகத்தைப் பாதியாக்கினால் 2.4. அளவுக்கு மீறினால் இரும்பின் மணிகள் பெருத்து, அடி தாங்கும் குணம் போய்விடும்.

விரிசல் கண்டால் உடனே, "வெல்டர் கை சரியில்ல". ராடு அடுப்பு வாங்காதது அவர் கையா? இஞ்சுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, சூடேற்றும் நேரத்துக்கும் ஆறக் காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு பைசா தராதது யார்? அறிவுக்குப் பஞ்சமில்லை. திருச்சியில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பஞ்சம், கூலியில்.

சூளைக்காரரைக் கலைஞர் என்று கொண்டாடும் நாம், வெல்டரை வெறும் கூலியாளாகத்தான் பார்க்கிறோம். இருவர் கையிலும் இருப்பது ஒரே அறிவு: சூட்டுக்கு மேலேயும் ஒரு எல்லை, கீழேயும் ஒரு எல்லை. அந்த எல்லைக்குள் நிற்க நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி போடாமல் விதிப்புத்தகத்தைக் காட்டி அவரைத் திட்டுவது, சுத்த அயோக்கியத்தனம்.