‘முன் பிரேக்கைத் தொடாதே’

காஞ்சிபுரத்தில் புதிதாக பைக் பழகும் பையனுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: ‘முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிரும்.’ சொல்பவர் அண்ணனாக இருப்பார், இல்லையென்றால் மாமாவாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு காலி மைதானத்தில் அரை மணி நேரம் பின்னால் உட்கார்ந்துகொண்டு கற்றுத்தருவார். கிளட்சை மெல்ல விடு, கியரை மாற்று, பின் பிரேக்கை மிதி. வண்டி அணையாமல் நகர்ந்துவிட்டால் பாடம் முடிந்தது. அடுத்த வாரமே அந்தப் பையன் மூங்கில் மண்டபம் சந்திப்பில் அரசுப் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இடையில் நுழைந்துகொண்டிருப்பான்.

அந்த அறிவுரையில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. மணல் சிதறிய வளைவில், வண்டி சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் வழுக்கத்தான் செய்யும். அப்படி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்ட ஒரு தலைமுறையின் அனுபவம் அது. ஆனால் நேரான தார்ச்சாலையில், எதிரே ஒரு வண்டி திடீரென்று குறுக்கே திரும்பும் நேரத்தில், அதே அறிவுரை உயிரைப் பறித்துவிடும். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்பக்கம் வருகிறது. முன் டயர் சாலையை அழுத்திப் பிடிக்கிறது. பின் டயர் இலேசாகிறது. நிறுத்தும் வலுவின் பெரும்பகுதி அதனால் முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்கு, இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் தேவைப்படும். பதற்றத்தில் ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் சுழலாமல் நின்று, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் யோசித்துச் செயல்பட நேரம் கிடையாது. கையும் காலும் எதைப் பழகியிருக்கின்றனவோ அதைத்தான் செய்யும்.

அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட்டும் அவருடைய குழுவினரும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் தாங்களாகவோ வீட்டாரிடமோ நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆபத்து நேரத்தில் பின் பிரேக்கை மிதமிஞ்சி மிதித்துச் சறுக்கியிருந்தார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. ஆபத்து கண்ணில் பட்டதிலிருந்து மோதும் வரை அவர்களுக்குக் கிடைத்த நேரம் இரண்டு நொடிக்கும் குறைவு. ஊரும் காலமும் வேறுதான். ஆனாலும் அந்த அறிக்கை விவரிக்கும் ஓட்டுநரை நம் ஊர்த் தெருக்களில் தினமும் பார்க்கிறோம்.

ஒரு வேலையைக் கைக்குப் பழக்குவது எப்படி என்று காஞ்சிபுரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இழைக்கு இழை இரண்டும் கோத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையைப் பார்த்துக்கொள்வார். அந்த இடத்தில் உட்கார்ந்து, தவறும்போதெல்லாம் திருத்தப்பட்டுத்தான் பல தலைமுறைகள் தறி கற்றன. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளை அங்கே உட்காரவைத்த கொடுமையும் அந்த வரலாற்றில் உண்டு. அது திரும்பி வரவே கூடாது. நான் சொல்ல வருவது கற்பித்த முறையைப் பற்றி. தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தார், கற்பதற்குக் காலம் இருந்தது, பிழையைப் பிழை என்று உடனே சொல்ல ஆள் இருந்தது.

பிள்ளையார்பாளையத்து நெசவாளிக்கு வேலைக்குப் போக வண்டி தேவைப்படவில்லை. தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவருடைய பிள்ளைகள் பலர் இன்று ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் போகிறார்கள். ராயல் என்ஃபீல்டு 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் ஆலை தொடங்கியது. யமஹா 2015இல் வல்லம் வடகாலுக்கு வந்தது. நாடு முழுவதும் ஓடும் பைக்குகள் இந்த மாவட்டத்திலிருந்து புறப்படுகின்றன. பெரிய நிறுவனங்கள் பேருந்து விடுகின்றன, உண்மைதான். ஆனால் பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் பைக் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி, கூடுதல் நேரம் பார்த்து முடித்தவர், சிறு பட்டறைக்குப் போகிறவர் எல்லோரும் சொந்த வண்டியை நம்பித்தான் இருக்கிறார்கள். வாலாஜாபாத் வழியாகப் போனால் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினால் கன்டெய்னர்கள். இரவுப் பணி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வருகிறார்கள். அப்பாவுக்குத் தறி எப்படியோ, பிள்ளைக்கு இன்று வண்டி அப்படி. அப்பா அதை ஆண்டுக்கணக்கில் கற்றார். பிள்ளைக்கு அரை மணி நேரம்.

சாலை விபத்துகள் குறித்த மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022இல் நாட்டில் 1,68,491 பேர் இறந்தார்கள், அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. விபத்துக்குப் பிந்தைய சிகிச்சையில் தமிழ்நாடு நல்ல வேலை செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2015 ஜூலையிலிருந்து தலைக்கவசச் சோதனை தீவிரமானது. இவை இரண்டும் வேண்டியவை. ஆனால் இரண்டுமே ஆள் கீழே விழுவதை ஏற்றுக்கொண்ட பிறகு தொடங்குகிற ஏற்பாடுகள்.

விழாமல் ஓட்டத் தெரியுமா என்று சோதிக்க நம்மிடம் இருப்பது ‘எட்டு போடுவது’. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்து மைதானத்துக்குப் போய், கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுவிட்டால் உரிமம். மெதுவாகப் போகும்போது ஆஃப் கிளட்சில் வண்டியைத் தள்ளாடாமல் வைத்திருப்பதும் ஒரு திறன்தான். காந்தி சாலையின் கடைத்தெரு நெரிசலில் தினமும் பயன்படும். ஆனால் எட்டுப் போடும் வேகத்தில் தவறினால் முழங்கால்தான் சிராய்க்கும். உயிர் போகும் வேகத்தில் என்ன செய்வார் என்பதை அந்த மைதானம் கேட்பதே இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளோ அவசரத்தில் நிறுத்துவதையும் பாதுகாப்பாக முந்துவதையும் சோதிக்கச் சொல்கின்றன. விதிப் புத்தகத்தில் இருக்கும் தேர்வு மைதானத்துக்கு வந்து சேரவில்லை.

இந்த ஊருக்கே உரிய பாடங்களும் சில உண்டு. பட்டுச் சேலை உடுத்தி ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் அம்மாவையோ மனைவியையோ ஏற்றிக்கொண்டு முகூர்த்த நாளில் ஓட்டுவது தனி வித்தை. பாரம் ஒரு பக்கம் இழுக்கும். நிறுத்தும் தூரம் நீளும். பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் பிடிமானமில்லாதவர் நழுவுவார். சக்கரத்தில் துணி சிக்காமலிருக்கத் தடுப்பு வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு அழகு பார்க்கும் இளைஞர்களிடம், அது யாருக்காக மாட்டியது என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்க வேண்டும். பாவும் பட்டும் ஏற்றிய டி.வி.எஸ். எக்ஸ்.எல்லை ஓட்டும் முதியவரைக் கவனித்தால் நல்ல பழக்கம் ஒன்றைக் காணலாம்: சந்து முனைகளில் வேகத்தைக் குறைத்து, எதிரே வருபவரின் முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத்தான் நகர்வார். யாரும் அவருக்கு அதைச் சொல்லித்தரவில்லை. நாற்பது வருடத்தில் அவரே கண்டுகொண்டது. அதை இருபது வயதுப் பையனுக்கு ஒரே மாதத்தில் கொடுக்க முடியும், கொடுக்க ஆளில்லை.

நடுவயதில் ஸ்கூட்டர் கற்க வரும் பெண்களுக்குச் சொல்லித்தர அண்ணன் கிடைப்பதில்லை. பணம் கட்டிப் பயிற்சியாளரிடம் கற்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர்கள் கூச்சப்படுவதில்லை. இருபது வயது ஆண்பிள்ளைதான் தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பவைக்கப்பட்டிருக்கிறான்.

பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வகுப்புகள் விபத்தைக் குறைக்கின்றனவா என்று ஆராய்ந்தவர்கள் உறுதியான ஒரு முடிவுக்கு வரவில்லை. நார்வேயில் வழுக்கும் சாலையில் கார் ஓட்டப் பயிற்சி பெற்ற இளம் ஆண்களிடையே அத்தகைய சாலைகளில் விபத்து கூடியது. பயிற்சி தந்த துணிச்சல் திறமையை மிஞ்சிவிட்டது. ஆகவே என்ன கற்பிக்கிறோம் என்பது முக்கியம். சாகசம் வேண்டாம். தூரத்தில் பார்க்கவும், இடைவெளி விடவும், இரண்டு பிரேக்கையும் சேர்த்து முதலில் மெல்லத் தொட்டுப் பிறகு அழுத்தத்தைக் கூட்டவும் பழக்கினால் போதும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் இங்கே தெருவில் ஓடுபவை பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ளவை அல்லது அதற்கு முன் வாங்கியவை. அவற்றில் சக்கரம் சறுக்காமல் காப்பது ஓட்டுபவரின் விரல்கள்தான்.

அங்கீகாரம் பெற்ற மையத்தில் கார் கற்பவருக்கு 29 மணி நேரப் பாடத்திட்டம் இருக்கிறது. பைக்குக்கு ஐந்து மணி நேரமாவது வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. பிரிட்டன் 1990இலேயே அடிப்படைப் பயிற்சி முடிக்காதவரை மோட்டார் சைக்கிளோடு சாலையில் விடுவதில்லை என்று முடிவெடுத்தது. இங்கே சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எல்.எல்.ஆர். வாங்கியவர்களை ஞாயிறுதோறும் ஒரு மைதானத்துக்கு வரவழைத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, முதலில் 20, பிறகு 30, பிறகு 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்திப் பழக வைக்கலாம். பைக் செய்யும் ஆலைகள் இருக்கும் மாவட்டத்தில் அதைச் சொல்லித்தரத் தகுதியானவர்களுக்கும் பஞ்சமில்லை. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் ஆட்சியர். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்க்க அவருடைய ஒரு கையெழுத்து போதும்.