டி.எஸ்.பி. அறையில் மாட்டியிருந்த சான்றிதழ்

சில ஆண்டுகளுக்கு முன் காலனியைச் சேர்ந்த ஒரு அக்காவோடு காவல் நிலையம் போயிருந்தேன். பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்ததற்காகச் சாதிப் பெயர் சொல்லித் திட்டி, அடித்திருந்தார்கள். நள்ளிரவு வரை உட்கார வைத்துவிட்டுக் கையில் கொடுத்தது எஃப்.ஐ.ஆர். நகல் அல்ல, ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. மறுநாள் டி.எஸ்.பி.யைப் பார்த்தோம். மரியாதையாகத்தான் பேசினார். "ஒரே ஊர்ல இருக்கவங்க, பேசி முடிச்சுக்கங்கம்மா" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில், தலைமைப் பண்புப் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

காவல்துறைக்குப் பயிற்சி போதவில்லை என்று அடிக்கடி சொல்கிறார்கள். ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு ஹைதராபாத்தில் தேசிய அகாடமி இருக்கிறது. பணியின் நடுவிலும் கட்டம் கட்டமாகப் பயிற்சி உண்டு. நேரடியாகத் தேர்வாகும் டி.எஸ்.பி.க்களுக்கு வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரி அகாடமி இருக்கிறது. ஆகவே பயிற்சி இருக்கிறதா என்பதல்ல நம் கேள்வி. எதைத் தலைமை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், எதற்குப் பதவி உயர்வு தருகிறார்கள் என்பதுதான்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு விடை இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இல் விதி 7-ஐ எடுத்துப் படியுங்கள் தோழர்களே. வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். அவரையும் அவருடைய முன் அனுபவம், திறமை, நீதியுணர்வு ஆகியவற்றைப் பார்த்தே நியமிக்க வேண்டும். நீதியுணர்வு என்பது மேடைப் பேச்சு அல்ல, விதியில் உள்ள தகுதி. நடைமுறையில் என்ன நடக்கிறது? அந்த உட்கோட்டத்தில் யார் டி.எஸ்.பி.யோ அவரிடமே கோப்பு போகிறது. நீதியுணர்வை யார் அளந்தார்கள்?

2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் பிரிவு 4-ஐ இன்னும் தெளிவாக்கியது. புகாரைப் பதிவு செய்வது, எஃப்.ஐ.ஆர். நகல் கொடுப்பது, வாக்குமூலம் வாங்குவது, 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது எல்லாம் அதிகாரியின் கடமைகள். வேண்டுமென்றே தவறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ஆனால் இந்தப் பிரிவில் வழக்குப் போட நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும். அதாவது, தவறியவரைப் பற்றி முதலில் அவருடைய நிர்வாகமே பேச வேண்டும். அதனால்தான் நம் ஊர்களில் இந்தப் பிரிவு ஏட்டோடு நின்றுவிடுகிறது.

தலைமை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. 1992 ஜூனில் அந்த மலைவாழ் மக்கள் மீது வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து கொடுமை நடத்தின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-இல், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023-இல் அதை உறுதிசெய்த சென்னை உயர் நீதிமன்றம், அன்றைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மேலே இருந்தவர்களின் பொறுப்பைக் கேட்க நமக்கு 31 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு. காக்கிக்குள்ளும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் சிறப்பு எஸ்.ஐ. ஆவதற்குக் கால் நூற்றாண்டு என்பதே இங்கே பல காலம் கணக்கு. அதற்குள் பணிக்காலத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. விசாரணையை நடத்தும் நாற்காலி அவருக்கு எட்டுவதே இல்லை. சேரியின் வலி தெரிந்தவர் வாசலில் பாரா நிற்கிறார், தெரியாதவர் உள்ளே வழக்கை முடிக்கிறார். காவலர்களின் பதவி உயர்வு அவர்களுடைய சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல, நம்முடைய நீதிப் பிரச்சினையும்கூட.

ஆகவே கேட்போம். ஒவ்வொரு டி.எஸ்.பி.யின் ஆண்டு மதிப்பீட்டிலும், எத்தனை வன்கொடுமைப் புகார்கள் வந்தன, எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆயின, எத்தனை 60 நாளில் நீதிமன்றம் போயின என்ற கணக்கு இருக்கட்டும். பதவி உயர்வு அதைப் பார்த்து நடக்கட்டும். பயிற்சியில் பாதிக்கப்பட்டவர்களே வந்து பாடம் நடத்தட்டும். கீழிருந்து வரும் காவலர்களுக்கு, வேலை நேரத்திலேயே படித்துத் துறைத் தேர்வு எழுத வழி செய்யட்டும்.

இதற்கு நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது? 60 நாள் தாண்டிய வழக்குகள் எத்தனை? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய்தான் செலவு. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் வந்த பதிலை வைத்துக்கொண்டு ஆட்சியரிடம் போங்கள். எஸ்.ஐ. தேர்வுக்கும் குரூப் 1 தேர்வுக்கும் படிப்பவர்கள் படிப்பை விடாதீர்கள். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும் நாளில், எதிரே நிற்கும் அக்காவை முதலில் உட்காரச் சொல்லுங்கள். பிறகு எஃப்.ஐ.ஆர். போடுங்கள்.