சூட் பற்றிய கேள்வியும் எழுதப்படாத தவறுகளும்

உக்ரேன் ஜனாதிபதி வொலோடிமிர் செலென்ஸ்கி 2025 பெப்ரவரி 28ஆம் திகதி வெள்ளை மாளிகைக்குச் சென்றபோது, அவருடைய நாட்டின் மீதான முழு அளவிலான படையெடுப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. கனிய வளம் தொடர்பான உடன்படிக்கையில் கையெழுத்திடுவதற்காகவே அவர் போயிருந்தார். பாதுகாப்பு உத்தரவாதம், ஆயுத உதவி, போர்க் கைதிகள் என்று கேட்பதற்கு ஆயிரம் கேள்விகள் இருந்தன. ஆனால், ஓவல் அலுவலகத்தில் ரியல் அமெரிக்காஸ் வொய்ஸ் என்ற வலதுசாரித் தொலைக்காட்சியின் செய்தியாளர் பிரையன் கிளென் கேட்டது வேறு. நீங்கள் ஏன் சூட் அணியவில்லை? உங்களிடம் ஒரு சூட்டாவது இருக்கிறதா?

போர் முடிந்த பிறகு அணிகிறேன் என்றார் செலென்ஸ்கி. உங்களுடையதைப் போன்றதாக இருக்கலாம், அதைவிட நல்லதாகவும் இருக்கலாம், மலிவானதாகவும் இருக்கலாம் என்றும் சொன்னார். அதன் பின்னர் ஜனாதிபதி ட்ரம்ப், உப ஜனாதிபதி வான்ஸ் ஆகியோருடன் நடந்த வாக்குவாதத்தை உலகமே பார்த்தது. உடன்படிக்கை அன்று கைச்சாத்திடப்படவில்லை.

அரசியல் பற்றி எழுதுவது என்னுடைய தொழில். ஆண்களின் உடையும் பேஸ்போலும் அதற்கு வெளியே எனக்கிருக்கும் இரண்டு ஈடுபாடுகள். சக ஊடகவியலாளர்கள் இவற்றைப் பொழுதுபோக்கு என்றே நினைக்கிறார்கள். ஆனால், அன்று அந்த அறையில் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டுமே எனக்கு உதவின.

முதலில் உடை. அரசியல்வாதியின் உடையைப் பற்றி எழுதுவது தரக்குறைவான வேலை என்று நான் கருதவில்லை. உடையும் ஓர் அரசியல் கூற்றுதான். மகிந்த ராஜபக்ஷவின் தோளில் கிடந்த சால்வை குரக்கனின் நிறத்தைக் கொண்டது. தெற்கின் கிராமத்து விவசாயியோடு தன் குடும்பத்தைச் சேர்த்துக் காட்டுவது. அதைக் கவனிக்காமல் அவருடைய அரசியலை எழுதினால் பாதியைத்தான் எழுதியதாக இருக்கும். செலென்ஸ்கியின் உடையும் அப்படியே. படையெடுப்பின் முதல் நாட்களிலேயே அவர் சூட்டைக் கழற்றிவிட்டு இராணுவச் சாயலுள்ள உடைக்கு மாறினார். என் மக்கள் போரில் இருக்கும்போது நான் வழமையான வாழ்க்கையில் இல்லை என்பதே அதன் செய்தி. அதை வாசிப்பதும் கேள்விக்குட்படுத்துவதும் ஊடகத்தின் வேலைதான்.

ஆனால், உடையை வாசிப்பது ஒன்று, உடையைக் காட்டி ஆளை மட்டந்தட்டுவது இன்னொன்று. 2014 ஓகஸ்ட் 28ஆம் திகதி ஒபாமா மண்ணிற சூட் ஒன்றை அணிந்து செய்தியாளர்கள் முன் வந்தார். சிரியாவில் ஐஎஸ் இயக்கத்தை எதிர்கொள்ளத் தங்களிடம் இன்னும் ஒரு திட்டம் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டதும் அன்றுதான். எத்தனையோ உயிர்களோடு தொடர்புடைய வார்த்தை அது. இன்று பலருக்கு நினைவிலிருப்பது சூட்டின் நிறம் மட்டுமே. திட்டம் இல்லாததைப் பற்றி விடாமல் கேட்பதற்குச் சிரியாவைப் பற்றிய அறிவு வேண்டும். நிறத்தைப் பற்றிப் பேச எதுவும் வேண்டியதில்லை.

உடையைப் பற்றி உண்மையான அறிவோடு எழுதுகிறவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் டெரெக் கய். அரசியல்வாதிகளின் சூட்டில் தோள் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, கொலர் ஏன் கழுத்தைவிட்டு விலகி நிற்கிறது என்று பொறுமையாக விளக்குபவர். வியட்நாமிலிருந்து தப்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்த அவர், தானும் ஆவணங்கள் இன்றி அந்நாட்டில் வளர்ந்தவர் என்பதை 2025 ஜூனில் வெளிப்படுத்தினார். அவரை நாடுகடத்தலாமே என்று சமூக ஊடகத்தில் ஒருவர் தூண்ட, உப ஜனாதிபதி வான்ஸ் தலையாட்டும் அசைபடம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். வேடிக்கை என்று சிலர் சிரித்தார்கள். ஆண்களின் உடை பற்றி எழுதும் ஒருவர்கூட அதிகாரத்தின் கண்ணில் படாமல் இருக்க முடியாது என்பதே எனக்குத் தெரிந்த செய்தி.

இப்போது மீண்டும் அந்த அறைக்கு வருவோம். சூட் பற்றிய கேள்வியைவிட முக்கியமானது அந்தக் கேள்வியைக் கேட்க யார் அனுமதிக்கப்பட்டார்கள் என்பது. மெக்சிகோ வளைகுடாவை அமெரிக்க வளைகுடா என்று மட்டும் எழுத மறுத்ததற்காக அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் அந்த மாதம் 11ஆம் திகதி முதல் தடுக்கப்பட்டார்கள். பல தசாப்தங்களாக வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சங்கம் கவனித்துவந்த சுழற்சிக் குழுவின் தெரிவை, செலென்ஸ்கி வருவதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர் நிர்வாகம் தன் கையில் எடுத்துக்கொண்டது. 28ஆம் திகதி ஏபி, ரொய்ட்டர்ஸ் ஆகியவற்றின் செய்தியாளர்கள் அந்தக் குழுவில் இல்லை. ரஷ்ய அரச செய்தி நிறுவனமான டாஸின் செய்தியாளர் ஒருவர் உள்ளே நுழைந்திருந்தார். அவர் அனுமதிப் பட்டியலில் இல்லை என்று கூறிப் பின்னர் வெளியேற்றினார்கள். ஆக, சூட் பற்றிய கேள்வி தற்செயலாக எழவில்லை. கேள்வி கேட்பவரை அதிகாரமே தெரிவுசெய்யும்போது இப்படிப்பட்ட கேள்விகளுக்கே இடம் கிடைக்கும்.

ஏபி நீதிமன்றம் சென்றது. சிலருக்குக் கதவைத் திறந்துவிட்டு கருத்தைக் காரணம் காட்டி மற்றவர்களைத் தடுக்க முடியாது என்று ஏப்ரலில் தீர்ப்பளித்த நீதிபதி, ட்ரம்பினாலேயே நியமிக்கப்பட்டவர். ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை நிறுத்திவைத்தது. ஒக்டோபரில் பென்டகன் புதிய கட்டுப்பாடுகளை விதித்தபோது, பெரும்பாலான நிறுவனங்களின் செய்தியாளர்கள் கையொப்பமிட மறுத்து அனுமதி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். வலதுசாரி ஊடகங்களான ஃபொக்ஸும் நியூஸ்மக்ஸும்கூட மறுத்தன.

இதை அமெரிக்காவின் உள்வீட்டுச் சண்டை என்று நாங்கள் ஒதுக்கிவிட முடியாது. 2009இல் வன்னியில் இறுதிப் போர் நடந்தபோது சுயாதீன ஊடகவியலாளர்கள் அங்கு செல்ல அனுமதிக்கப்படவில்லை. வோஷிங்டனில் நடப்பதும் வன்னியில் நடந்ததும் ஒரே அளவிலானவை அல்ல. ஆனால், பார்ப்பவர் யார் என்பதை அரசே தீர்மானித்தால் பின்னர் எதையும் நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை பதினேழு ஆண்டுகளாக அனுபவித்துவரும் சமூகம் நாங்கள்.

இங்கேதான் பேஸ்போல் வருகிறது. எங்கள் வாசகர்களுக்கு அந்த விளையாட்டு அந்நியமாகத் தோன்றலாம். ஆனால், அதன் ஆட்டப் பதிவு முறை கிரிக்கெட்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் பிறந்து நியூயோர்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்த ஹென்றி சாட்விக், கிரிக்கெட் ஸ்கோர் அட்டையை மாதிரியாகக் கொண்டு 1859இல் பேஸ்போலுக்கான அட்டவணையை உருவாக்கினார். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையில் கைவிட்ட பிடிக்கு இடமில்லை. பேஸ்போல் மைதானத்தின் பெரிய பலகையிலோ மூன்று எண்கள் நிற்கும்: ஓட்டங்கள், அடிகள், தவறுகள். களத்தடுப்பாளர் பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டால், வென்ற அணியாக இருந்தாலும் அது அவர் பெயரில் பதிவாகும்.

தவறா இல்லையா என்று தீர்மானிக்கும் உத்தியோகபூர்வப் பதிவாளர்களாக நீண்டகாலம் இருந்தவர்கள் பத்திரிகையாளர்களே. ஆட்டத்தைத் தீர்ப்பவரே அந்த ஆட்டத்தைப் பற்றிச் செய்தியும் எழுதுவது சரியல்ல என்று 1970களில் அமெரிக்கப் பத்திரிகைகள் பல முடிவெடுத்துத் தங்கள் ஆட்களை அந்த வேலையிலிருந்து விலக்கின. அணிகள் அவர்களைத் தெரிவுசெய்யட்டும் என்று எவரும் சொல்லவில்லை.

அரசியல் ஊடகம் பேஸ்போலிடமிருந்து எதையும் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. நேட் சில்வர் 2003இல் வீரர்களின் எதிர்காலத் திறமையைக் கணிக்கும் முறையொன்றை வெளியிட்டார். பின்னர் அந்தப் புள்ளிவிபரத் திறமையைத் தேர்தலுக்குக் கொண்டுவந்து, 2008இல் 50 மாநிலங்களில் 49இன் முடிவைச் சரியாகக் கணித்தார். அவர் தொடங்கிய ஃபைவ்தேர்ட்டிஎய்ட் தளத்தை, அவர் விலகிய பின்னர், ஏபிசி நிறுவனம் 2025 மார்ச்சில் மூடியது. அதாவது, பேஸ்போலிலிருந்து நாங்கள் எடுத்தது யார் வெல்வார் என்ற கணிப்பை மட்டும்தான். தவறுகளின் எண்ணை எடுக்கவில்லை. ஜனாதிபதி ஒருவர் சொன்னது எத்தனை முறை பொய்த்தது, எந்தக் கேள்விக்கு எத்தனை நாட்களாகப் பதில் இல்லை, எந்தச் செய்தியாளர் எந்தச் சொல்லுக்காக வெளியே நிறுத்தப்பட்டார் என்பதை நாள்தோறும் ஒரே இடத்தில், எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவைக்கும் பழக்கம் செய்தி அறைகளில் இன்னும் வேரூன்றவில்லை. அமெரிக்காவிலும் இல்லை, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இல்லை.

2025 ஓகஸ்ட் 18ஆம் திகதி செலென்ஸ்கி மீண்டும் வெள்ளை மாளிகைக்குச் சென்றார், இம்முறை கறுப்பு நிற சூட் போன்ற ஓர் உடையில். அதே செய்தியாளர் அவருடைய தோற்றத்தைப் பாராட்டினார். நீங்கள் அதே சூட்டில்தான் வந்திருக்கிறீர்கள், நான் மாற்றிவிட்டேன் என்று செலென்ஸ்கி சொல்ல, அறை முழுவதும் சிரித்தது. அன்றும் உக்ரேனில் போர் நின்றிருக்கவில்லை. பெப்ரவரியில் கையெழுத்திடப்படாத உடன்படிக்கைக்கு உக்ரேன் என்ன விலை கொடுத்தது என்பதையும், அன்று குழுவில் இல்லாத செய்தியாளர்கள் எதைக் கேட்டிருப்பார்கள் என்பதையும் நாங்கள் அந்தச் சிரிப்புக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.