கொல்லைக்கு ஒரு யந்திரக் கலப்பை

லால்குடிப் பக்கத்தில் நமக்குப் பாத்தியப்பட்ட கிராமத்து வீடு ஒன்று உண்டு. அதன் பின்னால் ஆறு சென்டுக் கொல்லை. தகப்பனார் இருந்த காலத்தில் கத்தரியும் வெண்டையும் அவரையும் புடலையும் அங்கே குறைவறக் காய்த்தன. அவர் காலமான பின் எட்டு வருஷ காலம் நாம் பட்டணத்திலிருந்து பொங்கலுக்குப் போவோம்; கொல்லைக் கதவைத் திறந்து பார்ப்போம்; பெருமூச்சு விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்புவோம். அந்த எட்டு வருஷமும் கொல்லை சும்மா இருக்கவில்லை. கோரையும் அருகும் பார்த்தீனியமும் அதைத் தங்களுக்குள் பாகப்பிரிவினை செய்துகொண்டன.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கிராமத்தோடு வந்து சேர்ந்ததும் நமது தாயார் ஒரே ஒரு காரியந்தான் கேட்டார். "கண் நன்றாகத் தெரிகிறபோதே அந்த அவரைப் பந்தலை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டுமடா." தாயாருக்கு வயது எண்பத்து நான்கு. இதற்கு மேல் யோசிக்க இடமில்லை. மறுநாளே யந்திரக் கலப்பை வாங்குவதென்று திருச்சிக்குப் பஸ் ஏறினோம்.

கடையில் யந்திரங்கள் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவை போல வரிசையாக நின்றன. முதலில் பவர் டில்லர். பன்னிரண்டு, பதின்மூன்று குதிரைச் சக்தி. எடை நானூறு கிலோவுக்கு மேல். நெல் வயலில் சேறடிக்க இதைவிடச் சிறந்த ஜீவன் கிடையாது. ஆனால் நமது கொல்லைக் கதவின் அகலம் மூன்றடி. யந்திரத்தை உள்ளே விடச் சுவரை இடிக்க வேண்டும். அடுத்தது, 'பவர் வீடர்' என்று எல்லோரும் சொல்லுகிற ஏழு குதிரைச் சக்தி ரகம். கடைசியில், இரண்டு குதிரைச் சக்தியில் ஒரு சிறு யந்திரம். ஒருவரே தூக்கிச் செல்லலாம். கடைக்காரர் அதை அலட்சியமாகப் பார்த்து, "இது பூந்தொட்டி கிளற, சார். உங்கள் புதருக்கு ஏழுதான் சரி. கரும்புக் காட்டையே புரட்டிவிடும்" என்றார். புரட்டுவதுதானே நமக்கு வேண்டும்! பணத்தை எண்ணக் கை பரபரத்தது.

ஆனால் வீட்டு எஜமானி உடன் வந்திருந்தாள். "அவ்வளவு பணத்தைக் கொட்டுவதற்கு முன், ஊரில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்களேன். கொல்லை எங்கும் ஓடிப்போய்விடாது" என்றாள். அன்று நமது பணம் தப்பியது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

இவ்விடத்தில் சுழல் கத்தி யந்திரத்தின் பூர்வோத்திரத்தைச் சிறிது சொல்லிவிடுகிறோம். ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா என்னும் ஊரில், ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் என்ற வாலிபர் 1912-ல் தம் தகப்பனாரின் பண்ணையில் இதைப் பரீட்சித்துப் பார்த்தார். கலப்பை மண்ணைக் கீறிப் புரட்டுகிறது. அதற்குப் பதிலாகச் சுழலுகிற கத்திகளால் மண்ணைக் கொத்திப் பொடி செய்தால் என்ன என்பது அவருடைய கேள்வி. முதலில் வைத்த கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி எறிந்தன. பிறகு முனையை மடக்கி 'எல்' எழுத்து வடிவில் செய்தார். 1920-ல் தமது யந்திரத்துக்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று கடையில் நாம் பார்க்கும் வளைந்த கத்திகள் அந்த வம்சத்தைச் சேர்ந்தவை. கொத்திப் பொடி செய்வது என்னும் அந்தக் குணத்தை நேயர்கள் மறந்துவிடாமல் இருக்க வேண்டும். நாம் மறந்ததனால் ஒரு வருஷத்தைப் பறிகொடுத்தோம்.

வாடகை யந்திரம் சித்திரை மாதத்தில் வந்தது. அதற்குச் சக்கரம் கிடையாது. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் கத்திகளே சுழன்று யந்திரத்தை இழுத்துச் செல்லும். இளகிய மண்ணில் இது சமர்த்தாக நடக்கிறது. எட்டு வருஷம் வெயிலில் வெந்த களிமண்ணிலோ கத்தி உள்ளே இறங்க மறுத்தது. இறங்காத கத்தி என்ன செய்யும்? ஓடும். யந்திரம் துள்ளிக் குதித்து நம்மைக் கிணற்றங்கரை வரையில் இழுத்துச் சென்றது. போதாக்குறைக்கு நாம் வேஷ்டியுடன் நின்றோம். கத்தி வேஷ்டித் தலைப்பைக் கவ்வ, பிடியை விட்டோம். விட்டவுடன் எஞ்சினுக்கும் கத்திக்கும் உள்ள தொடர்பு அறுந்து யந்திரம் நின்றதனால் கால் பிழைத்தது, வேஷ்டி பிழைக்கவில்லை. பிடியை விட்டால் நிற்காத யந்திரத்தை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அன்று முதல் நாம் நிஜாரும் கெட்டிப் பாதரட்சையும் அணிந்துதான் கொல்லையில் இறங்குகிறோம்.

மறுநாள் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஓட்டினோம். களி கத்தியில் அப்பிக்கொண்டு கொழுக்கட்டை பிடித்தது. மூன்று நாள் காயவிட்டு, ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து விரலால் தட்டினால் உதிர்கிற பதத்தில் மறுபடியும் ஓட்டினோம். ஆகா! ஒரே காலையில் ஆறு சென்டும் சலித்த மாவு போல ஆகிவிட்டது. தாயார் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து, "உங்கள் அப்பா இருந்தால் பார்த்துப் பூரித்திருப்பார்" என்றார்.

இருபது நாளில் ஒரு கோடை மழை பெய்தது. ஒரு வாரத்துக்குள் கொல்லை முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருந்தது. அத்தனையும் கோரை! எதிர்வீட்டுப் பெரியவர் வேலியோரம் வந்து நின்று பார்த்தார். "கோரையை வெட்டி விதைச்சிருக்கீங்க, தம்பி. நல்லா முளைச்சிருக்கு" என்றார்.

அவர் பரிகாசம் செய்யவில்லை, உண்மையைத்தான் சொன்னார். மண்ணுக்குள் கோரைக் கிழங்குகள் ஜபமாலை மணிகளைப் போல ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. நுனிக் கிழங்கு முளைத்திருக்கும் வரையில் மற்றவற்றில் பல உறங்கிக்கொண்டேயிருக்கும். மாலையை அறுத்துவிட்டால் உறங்கிய மணிகளும் விழித்து முளைக்கின்றன. அருகின் தண்டும் அப்படியே; ஒரு கணு மிஞ்சினாலும் ஒரு செடி. கொத்திப் பொடி செய்யும் யந்திரத்தைக் கொண்டு நாம் ஒன்றைப் பத்தாக்கியிருந்தோம். அந்த ஆடிப்பட்டம் போயிற்று. தாயார் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாயிருந்தது.

மறு மாசியில் பெரியவரின் யோசனைப்படி வேலையைத் தொடங்கினோம். யந்திரம் இல்லை, கடப்பாரையும் மண்வெட்டியும், கூலிக்கு இரண்டு ஆட்களும். இரண்டிரண்டு சென்டாக அரையடிக்கு மேல் ஆழமாக வெட்டி, கட்டிகளை உடைக்காமல் வெயிலில் புரட்டிப் போட்டு, கிழங்கையும் வேரையும் பொறுக்கிக் கூடையில் போட்டோம். கோரைக் கிழங்குக்குப் பயம் ஒன்று உண்டென்றால் அது உலர்தல்தான். சித்திரை வெயில் நமக்குக் கூலியில்லாத ஆளாக வேலை செய்தது. அப்படியும் தப்பி முளைத்தவற்றை, புதுக் கிழங்கு வைக்க இடங்கொடாமல், வாரத்துக்கொரு முறை களைக்கொத்தால் எடுத்தோம். வைகாசியில் சணப்பு விதைத்தோம். அது நெருக்கமாக வளர்ந்து நிழல் கட்டியதால் மிச்சக் களையும் வெளிறிப்போயிற்று. நாற்பத்தைந்தாம் நாள் பூ எடுக்கையில் அறுத்துப் பரப்பினோம். அப்பொழுதுதான் யந்திரம் மறுபடியும் வந்தது.

இந்தத் தடவை வந்தது வேறு ரகம். சக்கரங்கள் முன்னே உருளும், கத்திகள் பின்னே கொத்தும். கெட்டி மண்ணில் துள்ளாமல் அடக்கமாக நடப்பது இதுதான். விலையும் எடையும் கூடுதல். ஆனால் ஆறு சென்டுக்கு வருஷத்தில் ஒரு காலைப் பொழுதுதான் இதற்கு வேலை. அதற்காக விலைக்கு வாங்குவது, கல்யாணத்துக்கு ஒரு நாள் வேண்டுமென்று யானை வாங்கிக் கட்டுவது போலாகும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் உள்ளவர்கள் கணக்கு வேறு. அவர்கள் அரசாங்க மான்யப் பட்டியலில் உள்ள யந்திரம் எது என்று வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரித்த பின் கடைக்குப் போவது நலம்.

நாம் கடைசியில் விலை கொடுத்து வாங்கியது, கடைக்காரர் அலட்சியம் செய்த அந்தச் சிறு யந்திரத்தைத்தான். இரண்டடி இடைவெளியில் நட்ட கத்தரி வரிசைகளுக்கு நடுவே, ஓரக் கத்திகளைக் கழற்றிவிட்டால் தாராளமாகப் போகிறது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை வேலையும் இருக்கிறது. வீட்டு எஜமானி தானே தூக்கிப் பார்த்து, "இது சரி" என்ற பிறகே வாங்கினோம். உதிரிக் கத்தி லால்குடியிலேயே கிடைக்குமா என்று கேட்டதும் அவள்தான். ஒரு குறை: அதன் எஞ்சினுக்குப் பெட்ரோலில் எண்ணெயை அளந்து கலக்க வேண்டும். மறந்து வெறும் பெட்ரோலை ஊற்றினால் எஞ்சினுக்கு உத்தரகிரியைதான். அளவுக் குப்பியை யந்திரத்தின் பிடியிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

ஆடியில் ஊன்றிய அவரை மார்கழியில் பந்தலை மூடிவிட்டது. சென்ற வெள்ளிக்கிழமை தாயாரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றோம். கண் இப்பொழுது கொஞ்சம் மங்கல். கையை உயர்த்திப் பந்தலைத் தடவி, ஒரு கொத்துக் காயைப் பறித்து, முகத்தருகே வைத்துப் பார்த்தார். "நாரை நன்றாக உரிக்கச் சொல்" என்றார். பிறகு, "ஓரத்தில் ஏதோ கோரை மாதிரி இருக்கிறதே, பார்" என்றார். பார்த்தோம். கோரைதான். களைக்கொத்தை எடுத்துவர உள்ளே போனோம்.