அப்பாட வோட்டு எங்க இருக்கு?

கிராம உத்தியோகத்தர் தருகிற வதிவிட, நற்சான்றுப் பத்திரத்தை ஒருக்கா கையில் எடுத்து ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். நிரப்புவதற்காக இல்லை, சும்மா வாசிப்பதற்காக. ஒரு தாளுக்குள் எத்தனை கேள்விகள்! விண்ணப்பதாரரைக் கிராம உத்தியோகத்தர் நேரில் அறிவாரா, அறிந்தால் எவ்வளவு காலமாக? மதம் என்ன? தொழில் என்ன? திருமணமானவரா? வாக்காளர் இடாப்பில் பதிவு விபரம் என்ன? தந்தையின் பெயரும் முகவரியும் என்ன? இந்தப் பிரிவில் எவ்வளவு காலமாக வசிக்கிறார், அதற்கு வேறு என்ன சான்று? நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டவரா? பொதுப்பணிகளில் ஈடுபாடு காட்டியவரா? (இந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று போடாத பத்திரம் ஒன்றை நாங்கள் இன்னும் காணவில்லை. இவ்வளவு பொதுநலவாதிகள் இருந்தும் நாடு ஏன் இப்படிக் கிடக்குது என்று விளங்கவில்லை.)

இவ்வளவும் கேட்கிற அந்தத் தாள் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. நீ யாரோடு இருக்கிறாய்?

எங்கள் விடுதியில் ஒரு பின்னேரம் இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினபோதுதான், பெற்றோர் இல்லாத வீட்டில் வளர்ந்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர் என்று தெரிய வந்தது. அநாதைகள் என்று யாரும் இல்லை. அம்மா குவைத்திலோ சவூதியிலோ, பிள்ளை அம்மம்மாவோடு. அப்பா கொழும்பில் கடையில், பிள்ளைகள் பெரியம்மா வீட்டில். அம்மாவும் அப்பாவும் பிரிந்து ஆளுக்கொரு ஊரில் இருக்க, மாமா வீட்டிலிருந்து ஏஎல் படித்தவர்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் டவுனில் போடிங் எடுத்து நின்றவர்கள். ஊரில் இதெல்லாம் புதினமே இல்லை. பிள்ளை எங்க வளருது என்று கேட்டால் தெருவில் போகிற எவரும் சொல்வார்கள். கந்தோருக்குத்தான் தெரியாது.

விசயம் இதுதான். ஒரு ஆள் ஒரு இடத்தில் இருக்கிறார் என்பதற்கு இந்த நாட்டில் நம்பப்படுகிற தாள்கள் எவை? வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, கரண்ட் பில், தண்ணி பில், வீட்டு வாடகை ஒப்பந்தம். இவற்றில் ஒன்றாவது 16 வயதுப் பிள்ளையின் பெயரில் இருக்க வழியுண்டா? வாக்குப் பதிய 18 வயது வேண்டும். காணி, பில், ஒப்பந்தம் எல்லாம் பெரியாக்களின் பெயரில். ஆனால் அடையாள அட்டை எடுக்க வேண்டிய வயதோ 15. முந்தி 16 ஆக இருந்ததை 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 15 ஆகக் குறைத்தார்கள். ஆக, 15 வயதில் அரசு உன்னிடம் முகவரி கேட்கிறது, அந்த முகவரி உன்னுடையதுதான் என்று காட்டக்கூடிய முதல் தாளை 18 க்குப் பிறகுதான் தருகிறது. இடைப்பட்ட மூன்று வருசமும் நீ பெற்றோரின் முகவரியில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். பெற்றோரோடு இருப்பவர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. தொங்குவதற்குக் கொப்பு இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த மூன்று வருசத்திலும் அதை ஒட்டியும்தான் ஓஎல், ஏஎல், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, தொழிற்பயிற்சி விண்ணப்பம், பிறகு கம்பஸ் விண்ணப்பம் எல்லாம் வருகின்றன.

எங்கள் பட்ச்சில் ஒருத்தி. இரண்டு வயதிலிருந்து அம்மம்மாவோடு வளர்ந்தவள். அப்பா வேறு மாவட்டத்தில் வேறு குடும்பமாகிவிட்டார். பத்திரம் எடுக்கப் போன இடத்தில் நடந்த சம்பாசணையை அவள் இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள், நாங்களும் சிரிப்போம்.

"தங்கச்சி, அப்பாட வோட்டு எங்க இருக்கு?"

"அவர் எங்களோட இல்ல, மிஸ்."

"அப்ப அம்மாட?"

"அம்மா வெளிநாட்டில, மிஸ். பேர் வெட்டுப்பட்டுப் போச்சு."

"அப்ப நீங்க இந்தப் பிரிவு எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

"நான் இஞ்சதானே மிஸ் இருக்கிறன்."

இந்தக் கடைசி வசனத்துக்கு அந்தக் கந்தோரில் மதிப்பில்லை. அப்பாவின் முகவரியையாவது எடுத்து வா என்று அனுப்பினார்கள். பத்து வருசமாகக் கதையாத அப்பாவுக்கு அவள் அதற்காகப் போன் எடுத்தாள். படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக.

அந்த உத்தியோகத்தர் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது பெட்டிசம் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். முந்தியைப் போல ஊருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த விதானையார் இப்போது இல்லை. போட்டிப் பரீட்சை எழுதி நியமனம் பெற்று வருகிறார்கள், சில வருசத்தில் மாறிப் போகிறார்கள். ஆளைத் தெரியாதவருக்குத் தாள்தான் ஆள். 'நேரில் அறிவாரா' என்ற கேள்வி படிவத்தில் இன்னும் இருக்கிறது, அறிகிற ஏற்பாடுதான் போய்விட்டது.

ஆனால் எங்களுக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. அம்மா வெளிநாட்டுக்குப் போகும்போது சும்மா பிளேன் ஏறவில்லை. வீட்டுப் பணிக்குப் போகிற பெண்களிடம் 'குடும்பப் பின்னணி அறிக்கை' கேட்கும் முறையை 2013 இல் கொண்டுவந்தார்கள். சின்னப் பிள்ளை இருந்தால் போக ஏலாது. முதலில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை என்று வைத்திருந்து, 2022 இல், டொலர் இல்லாமல் நாடு தவித்த நேரத்தில், இரண்டு வயது என்று இறக்கினார்கள். (தாய்ப்பாசத்தின் வயதெல்லையை வெளிநாட்டுச் செலாவணி தீர்மானிக்கும் என்பதை அப்போது படித்தோம்.) அந்த அறிக்கையில் தாய் போன பிறகு பிள்ளைகளைப் பார்க்கப் போவது யார் என்று எழுத வேண்டும். அந்த ஆள் சம்மதம் தர வேண்டும். கிராம மட்டத்தில் பார்த்து, பிரதேச செயலக மட்டத்தில் சிபாரிசு செய்ய வேண்டும். அதாவது, இந்தப் பிள்ளை இனி அம்மம்மாவோடு இருக்கும் என்று அரசே விசாரித்து எழுதி வைத்த ஒரு கோப்பு இருக்கிறது. தாயைத் தடுப்பதற்காக அந்தக் கோப்பைத் திறக்கத் தெரிந்த கந்தோருக்கு, பத்து வருசம் கழித்து அதே பிள்ளை வந்து நிற்கும்போது அதைத் திறக்கத் தெரியவில்லை. பெண்கள் அமைப்புகள் இந்த அறிக்கை முறையையே எதிர்த்து வந்திருக்கின்றன, எங்களுக்கும் அதில் உடன்பாடுதான். இருந்தாலும் எழுதி வாங்கினதை ஒருக்காவாவது பிள்ளைக்கு உதவுகிற மாதிரி வாசிக்கலாமே.

தாளால் இருப்பை நிரூபி என்று கேட்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதும் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு 1949 இல் ஒரு வழி திறந்துவிட்டதாகச் சொன்னார்கள், இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1 க்கு முன் இடைவிடாமல் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும்: கலியாணம் முடித்தவர் ஏழு வருசம், முடிக்காதவர் பத்து வருசம். தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் கொழுந்து பறித்தவரிடம் இடைவிடாமல் இருந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டார்கள். ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போனதாகவும், அதில் ஒரு இலட்சத்து 34 ஆயிரம் பேரளவில்தான் பதியப்பட்டதாகவும் வரலாற்றுப் புத்தகங்களில் படிக்கிறோம். அந்தக் கணக்கு முடிய 2003 வரை போக வேண்டியிருந்தது. எங்கள் பிள்ளைகளின் பத்திரப் பிரச்சினை அதற்கு ஈடானது என்று சொல்ல வரவில்லை. ஆனால் சான்று கேட்கிற பழக்கத்தின் வேர் அங்கேயும் கொஞ்சம் ஓடுகிறது. இருக்கிறவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்காமல், இருக்க வேண்டிய விதத்தில் இருக்கிறாரா என்று பார்க்கிற பழக்கம் அது.

மலையகத்தில் இது இன்றைக்கும் ஒரு படி கூடுதலாகச் சிக்குகிறது. லயத்துக்குத் தனி முகவரி இல்லாத இடங்கள் இன்னும் உண்டு. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், அவ்வளவுதான். காம்பிராவுக்கு உறுதி இல்லை. அடையாள அட்டை விண்ணப்பத்தைப் பாடசாலையில் படிப்பவருக்கு அதிபரும், மற்றவருக்குக் கிராம உத்தியோகத்தரும், தோட்டத்தில் இருப்பவருக்குத் தோட்ட அத்தியட்சகரும் அத்தாட்சிப்படுத்தலாம். ஓஎல்லோடு நின்று 16 வயதில் கொழும்பில் புடவைக் கடைக்கோ சாப்பாட்டுக் கடைக்கோ போன பையனை யோசித்துப் பாருங்கள். அதிபருக்கு அவன் இப்போது மாணவன் இல்லை. கொழும்புக் கிராம உத்தியோகத்தருக்கு அவன் கடை மேல்மாடியில் படுக்கிற ஒரு ஆள், பதிவில் இல்லை. தோட்டத்துக்குத் திரும்பிப் போனால், அம்மாயி பேர் போட்டுக் கொழுந்து எடுத்த காலம் முடிந்து, வீட்டில் தோட்டத் தொழிலாளி என்று யாருமே இல்லை. தொர கையெழுத்து வைக்க யோசிக்கிறார். இரண்டு நாள் லீவுக்குச் சம்பளம் வெட்டு, பஸ் காசு வேறு. அட்டை இல்லாமல் இருந்துவிடலாம் என்று அவன் முடிவெடுத்தால் நாங்கள் ஆச்சரியப்பட மாட்டோம்.

எங்களுக்குச் சொல்லப்படுகிற பதில் தெரியும். இறுக்கிப் பிடிக்காவிட்டால் கள்ளம் நடக்கும் என்பார்கள். உண்மைதான், நடக்கும். கம்பஸ் அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. எந்த மாவட்டக்காரர் நீ என்பதில் ஒருவரின் வாழ்க்கையே மாறுகிறது. வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டம் தேடிப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்ற முறைப்பாடு நுவரெலியாவில் பல வருசமாக இருக்கிறது, அந்த முறைப்பாட்டில் நியாயமும் இருக்கிறது. வேறு ஊர்க்காரர் ஒரு இடத்தை எடுத்தால் அந்த மண்ணில் படித்த ஒரு பிள்ளை வீட்டில் நிற்கும். ஆகவே சோதிக்கவே கூடாது என்பது எங்கள் வாதம் இல்லை.

எங்கள் வாதம், இந்தச் சோதனை பிடிக்க வேண்டியவரைப் பிடிப்பதில்லை என்பது. திட்டம் போட்டு மாவட்டம் மாறுகிறவரிடம் தாள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வீட்டை வாடகைக்கு எடுத்து, வோட்டை மாற்றி, பில்லைப் பேருக்கு எழுதி, மூன்று வருசத்துக்கு முன்னமே தொடங்கியிருப்பார். முதலாம் தரத்துக்குப் பிரபல பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்கிற காலத்தில் எத்தனை 'வதிவிடங்கள்' உருவாகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம்தானே. தாள் கேட்கிற சோதனையில் தாள் தயாரிக்கத் தெரிந்தவர் பாஸ், இல்லாதவர் பெயில். 83 க்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறின சொந்தங்களோடு நின்று ஆறாம் ஆண்டிலிருந்து அங்கேயே படித்த ஒரு பிள்ளைக்கு, அப்பாட வோட்டு பதுளையில் இருக்கிறது என்பதற்காகக் கேள்வி வருகிறது. கள்ளம் செய்தவர்போல நிற்பது அந்தப் பிள்ளை.

இருப்பதற்கும் பதிவதற்கும் இடையில் இடைவெளி உண்டு என்று சட்டமே ஒருமுறை ஒத்துக்கொண்டிருக்கிறது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் போன்றவர்களுக்காக, 2013 இல் தேருநர் பதிவுக்கு விசேட ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. இடம்பெயர்ந்தவர் முந்தி இருந்த ஊரில் தன் வாக்கைப் பதியலாம் என்றது அது. பெரியாக்களுக்கு அப்படி ஒரு சட்டம் எழுத முடிந்திருக்கிறது. பதினாறு வயதுக்காரருக்கு சட்டம்கூட வேண்டாம், ஒரு சுற்றுநிருபம் போதும்.

'தந்தையின் பெயரும் முகவரியும்' என்ற இடத்தில் 'பெற்றோர் அல்லது வளர்ப்பவரின் பெயரும் முகவரியும்' என்று மாற்றட்டும். 18 வயதுக்குட்பட்டவரிடம் வாக்காளர் இடாப்புக் கேட்பதை நிறுத்தட்டும். அவர் இருக்கிற வீட்டில் வளர்ந்த ஒருவரின் பதிவு இருந்தால் அது காணும். சட்டப்படியான பாதுகாவலர் என்று நீதிமன்றக் கட்டளை கேட்கக் கூடாது, அம்மம்மாவைப் பாதுகாவலராக்க எங்கள் ஊரில் எவரும் கோட்டுக்குப் போவதில்லை. ஏற்கெனவே கையில் இருக்கிற தாள்களைச் சான்றாக எடுக்கட்டும்: பாடசாலை வரவு இடாப்பு, கிளினிக் கொப்பி, வெளிநாடு போன தாயின் குடும்பப் பின்னணி அறிக்கை.

இன்னும் ஒன்றும் எல்லார் வீட்டிலும் கிடக்கிறது. பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை. அதில் 'பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்' என்று ஒரு இடம் உண்டு. வருசத்துக்கு மூன்று தவணை, ஆறாம் ஆண்டிலிருந்து பதினொராம் ஆண்டு மட்டும் பதினெட்டுக் கையெழுத்து. மேலே சொன்ன எங்கள் பட்ச் பிள்ளையின் அறிக்கைகளில் பதினெட்டும் அவளுடைய அம்மம்மாவின் கையெழுத்து, நடுங்கின எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதிபரின் சீல்.