துப்பாக்கியை எழுதினோம், பில்லை விட்டுவிட்டோம்

நிழலுலகத் தலைவர் மராத் பாலகுலாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், குற்றக் கதை எழுதும் நாம் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறோம்: 1986, நியூயார்க்கின் பிரைட்டன் பீச். விளாதிமிர் ரெஸ்னிகோவ் என்பவன் துப்பாக்கியைக் காட்டி அவரிடம் பணம் கேட்கிறான். பிறகு அவனே சுட்டுக் கொல்லப்படுகிறான். பக்கம் நிறைந்துவிடுகிறது.

1977-ல் ஒடெசாவிலிருந்து வந்த மனிதருக்கு அத்தனை பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் நமக்குப் பொறுமை இருக்கவில்லை.

அது பெட்ரோல் வரியிலிருந்து வந்தது. அந்த வரியைப் பங்க்குகளிடம் வாங்கிவந்த நியூயார்க் மாநிலம், 1982-ல் மொத்த வியாபாரிகளிடம் வாங்கத் தொடங்கியது. அவர்கள் தங்களுக்குள் வரியில்லாமல் விற்றுக்கொள்ளலாம் என்றிருந்தது. கடைசியாகப் பங்க்குக்கு விற்பவர் கட்ட வேண்டியிருந்தது. ஓட்டை அங்கேதான். ஒரே லோடு காகிதத்தில் பல கம்பெனிகளுக்குக் கைமாறும்; லாரி மட்டும் எண்ணெய் டெர்மினலிலிருந்து நேராகப் பங்க்குக்குப் போகும். சங்கிலியில் ஒரு கம்பெனி, வரி கட்டியாகிவிட்டது என்று பில்லில் போட்டுவிடும். ஒரு தபால் பெட்டி எண்ணும் பெயருக்கு ஒரு முதலாளியும்தான் அதன் சொத்து. அதிகாரி தேடி வரும்போது அதுவும் இருக்காது. இத்தாலிய மாஃபியா குடும்பங்கள் கேலனுக்கு இத்தனை சென்ட் என்று கப்பம் வாங்கின. சாலைக்குப் போக வேண்டிய காசு அது.

இன்னொரு அலட்சியம் இதைவிடக் கொடியது. பாலகுலாவுக்கு முன் பிரைட்டன் பீச்சில் கோலோச்சி, 1985-ல் கொல்லப்பட்ட எவ்சே அக்ரோன், மாமூல் பிடுங்கியது சோவியத்திலிருந்து வந்து கடை போட்ட சக யூதர்களிடம். போலீஸைக் கண்டால் ஒதுங்கும் பழக்கத்தை அவர்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். மாடு ஓட்டும் மின்சாரக் கோல் அக்ரோன் கையில் இருந்ததைத் தவறாமல் எழுதினோம். அது யார் உடம்பில் பட்டது என்று கேட்கவில்லை. அடிபட்டவர்களையும் சேர்த்து அந்தப் பேட்டைக்கே ‘ரஷ்ய மாஃபியா’ என்று பெயர் வைத்தோம்.

கிரெடிட் கார்டு மோசடி வழக்கில் தப்பியோடிய பாலகுலா 1989-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிடிபட்டதும், பெட்ரோல் வரி ஏய்ப்புக்காகப் பின்னர் 10 ஆண்டு தண்டனை பெற்றதும் நம் கட்டுரைகளில் உண்டு. 1988 முதல் வாஷிங்டன் தன் பெட்ரோல் வரியை டெர்மினலிலேயே பிடிக்கத் தொடங்கியது அவற்றில் இல்லை. வீட்டைச் சூடாக்கும் வரியில்லா எண்ணெயை டீசலாக விற்றவர்களைப் பிடிக்க, 1990களில் அதில் சிவப்புச் சாயம் கலந்ததும் இல்லை. வழியில் லாரியை நிறுத்தி, டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தாலே திருட்டு தெரிந்துவிடும். இந்த ஏற்பாட்டுக்காக உழைத்த வரி அலுவலர்களில் ஒருவருடைய பெயரைக்கூட நாம் தேடிப் பார்த்ததில்லை.